அமர்நாத்: உருகினால்தான் உறையும் குகை

பெங்களூருக்கென்று ஒரு குகைக் கோயில் இருக்கிறது. கவிபுரத்தின் கவி கங்காதரேஸ்வரர். மகர சங்கராந்தி மாலையில் சூரிய ஒளி நந்தியின் கொம்புகளுக்கு நடுவே நுழைந்து, பாறைக்குள் இருக்கும் லிங்கத்தின் மேல் சில நிமிடங்கள் விழும். அதைப் பார்க்கக் கூட்டம் நெருக்கியடிக்கும். ஆனி, ஆடி வந்தால் அதே ஊர்க்காரர்கள் பலர் வேறொரு குகைக்கு மூட்டை கட்டுகிறார்கள். அங்கே வெயில் பட்டால் லிங்கம் மிஞ்சாது.

காஷ்மீரில், கடல் மட்டத்திலிருந்து 3,888 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அமர்நாத் குகை. மலைமேல் கிடக்கும் பனி கோடையில் உருகி, பாறை வெடிப்புகளில் இறங்கி, குகைக்குள் சொட்டுச் சொட்டாக விழுகிறது. விழுந்த இடத்தில் உறைந்து, கீழிருந்து மேலாக வளர்கிறது. சுண்ணாம்புப் படிவு இப்படித் தூணாக எழ ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும். இங்கே சில வாரங்கள் போதும். நடுக்குளிர்காலத்தில் மேலே எதுவும் உருகாது, அதனால் சொட்டவும் சொட்டாது. வெளியே உருகவும் வேண்டும், உள்ளே உறையவும் வேண்டும். இரண்டும் ஒத்துப்போகிற சிறிய இடைவெளியில்தான் பனிலிங்கம் நிற்கிறது.

இதை முதலில் கண்டது யார்? பூட்டா மாலிக் என்ற ஆடு மேய்ப்பவர் பெயரைத்தான் பலரும் சொல்வார்கள். ஒரு சாது அவருக்குக் கரி மூட்டை ஒன்றைக் கொடுத்தார், வீட்டில் திறந்தால் அத்தனையும் பொன், நன்றி சொல்லத் திரும்பிப் போனவர் குகையைக் கண்டார் என்பது கதை. காலம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி என்பார்கள். ஆனால் 12ஆம் நூற்றாண்டிலேயே கல்ஹணர் தம் ராஜதரங்கிணியில், அமரேஸ்வர யாத்திரை போகிறவர்கள் வழியில் காணும் ஏரியைக் குறிப்பிட்டிருக்கிறார். அக்பரின் அவையில் இருந்த அபுல் ஃபஸல், வளர்பிறையில் வளர்ந்து தேய்பிறையில் தேயும் பனி உருவத்தைப் பற்றியே எழுதிவைத்தார். ஆக, மாலிக்குக்கு முன்பே குகை ஊரறிந்தது. அதற்காக அந்தக் கதையைத் தள்ளிவிடவும் முடியாது. கோயில் காணிக்கையில் மூன்றில் ஒரு பங்கு, மாலிக்கின் முஸ்லிம் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டின் சட்டப்படி ஆலய வாரியம் வந்த பிறகே அந்த முறை நின்றது. மலைப்பாதையை அறிந்தவர்களுக்குக் கிடைத்த மரியாதை அது. இன்றும் யாத்ரீகர்களைக் குதிரையிலும் டோலியிலும் மேலே கொண்டு சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் உள்ளூர் முஸ்லிம்களே.

தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமான ஒருவரும் இந்தக் குகைக்குப் போயிருக்கிறார். 1897 பிப்ரவரியில் சென்னை வந்த விவேகானந்தர், திருவல்லிக்கேணி கடற்கரையின் ஐஸ் ஹவுஸில் ஒன்பது நாள் தங்கினார். அமெரிக்க ஏரிகளில் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டடம் அது. மறு ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி, உடல் முழுக்கத் திருநீறு பூசி, கோவணத்துடன் அவர் அமர்நாத் குகைக்குள் நுழைந்தார். உடன் போன சீடர் நிவேதிதை அந்தப் பயணத்தை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த நாளில் விவேகானந்தரின் இதயம் நின்றிருக்க வேண்டும், நிற்காமல் நிரந்தரமாக வீங்கிவிட்டது என்று பின்னர் ஒரு மருத்துவர் சொன்னதும் நிவேதிதையின் எழுத்தில் இருக்கிறது.

அந்த உயரமும் குளிரும் எல்லோரையும் விட்டுவைக்கவில்லை. 1996 ஆகஸ்டில் திடீரென அடித்த பனிப்புயலில் 240க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதை விசாரித்த நிதீஷ் சென்குப்தா குழு, ஆள் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும் என்றது. இப்போது 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 70ஐத் தாண்டியவர்களுக்கும் அனுமதி கிடையாது. பெங்களூரிலிருந்து போகிறவரும் முதலில் மருத்துவச் சான்றிதழ் வாங்கிப் பதிவு செய்தாக வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் 1996ஐ நினைத்தால் அதில் ஒன்றைக்கூடக் குறைக்கச் சொல்ல மனம் வராது.

இப்போது கவலை லிங்கத்தைப் பற்றியது. 2024இல் ஜூன் 29 அன்று யாத்திரை தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் பனி முழுக்கக் கரைந்துவிட்டது. யாத்திரைக்கோ இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. வெப்பம் ஏறுவதும் ஒரே நாளில் ஆயிரக்கணக்கானோர் குகைக்குள் நின்று மூச்சுவிடுவதும் பனியைப் பாதிக்கின்றன.   தினசரி எண்ணிக்கையை இன்னும் குறைத்தால் பனி கூடுதலாகச் சில நாள் நிற்கக்கூடும். மலைமேல் ஏறும் வெப்பத்தைக் குறைப்பது மட்டும் எந்த வாரியத்தின் கையிலும் இல்லை.