ஆக்ரனில் ஒரு சனிக்கிழமை

குடியிலிருந்து மீள்வோரின் இயக்கமான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்த நாளாக 1935 ஜூன் 10-ஐக் கொண்டாடுகிறோம். அதன் நிறுவனர் இருவரில் ஒருவரான டாக்டர் பாப் ஸ்மித் கடைசியாகக் குடித்த நாள் அது. சேலத்தில் எங்கள் குழுவுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளை எடுத்துப் பேசுகிற குடிநோயாளி நான். என்னைக் கேட்டால், இந்த வரலாறு அதற்கு ஒரு மாதம் முன்பே, மே 11 சனிக்கிழமையன்று, ஒரு தொலைபேசியில் தொடங்கிவிட்டது என்பேன்.

ஆக்ரன், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டயர் கம்பெனிகளால் வளர்ந்த ஊர். நியூயார்க் பங்குச்சந்தைக்காரரான பில் வில்சன், ஒரு கம்பெனியின் நிர்வாகத்தைப் பிடிக்கும் போட்டிக்காக அங்கே வந்து தோற்றுப்போனார். மேஃப்ளவர் ஓட்டல் கூடத்தில் தனியாக நின்றார். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பக்கம் பார். உள்ளே பேச்சும் சிரிப்பும். இன்னொரு பக்கம் ஊரிலுள்ள தேவாலயங்களின் பட்டியல்.

அந்த ஐந்து மாதமும் நியூயார்க்கில் பல குடிகாரர்களைத் திருத்தப் போராடியிருந்தார் பில். ஒருவரும் திருந்தவில்லை. ஆனால் நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே என்று மனைவி லோயிஸ் சுட்டிக்காட்டியிருந்தார். அந்த மாலையில் பில் தேடியது தன்னைக் காப்பாற்றுபவரை அல்ல. தான் பேசுவதைக் கேட்க இன்னொரு குடிகாரரை. எங்கள் இயக்கத்தின் வேர் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

பட்டியலிலிருந்து வால்டர் டங்க்ஸ் என்ற பாதிரியாரை அழைத்தார். அவர் சில பெயர்களைக் கொடுத்தார். ஒவ்வொருவராக அழைத்து, கடைசியில் ஹென்ரியெட்டா சைபர்லிங்கிடம் வந்து சேர்ந்தார். குட்இயர் நிறுவனரின் மருமகள். மாமனாரின் மாளிகை வாயிலில் இருந்த வீட்டில் பிள்ளைகளோடு வசித்தவர். முகமறியாத ஒருவர் நான் குடிகாரன் என்று சொல்லிப் பேச, அவர் போனை வைத்துவிடவில்லை. டாக்டர் பாபின் மனைவி ஆன் என்பவரை அழைத்தார். அன்று வர வழியில்லை. அன்னையர் தினத்துக்காக ஒரு செடித்தொட்டியுடன் வீடு வந்த பாப், போதையில் விழுந்து கிடந்தார்.

மறுநாள் மாலை 5 மணிக்கு ஆன் அவரை ஹென்ரியெட்டாவின் வீட்டுக்கு அழைத்து வந்தார். பாபுக்கு 55 வயது, அறுவை மருத்துவர், கை நடுக்கம். கால் மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார். இரவு 11 மணிக்கு மேல்தான் எழுந்தார். பில் அறிவுரை சொல்லவில்லை, தன் குடியைப் பற்றிப் பேசினார். குடியைத் தன் அனுபவத்திலிருந்தே அறிந்து பேசும் ஒருவரை அன்றுதான் பாப் சந்தித்தார்.

எனக்கு வரும் அழைப்புகளிலும் முதல் குரல் பெரும்பாலும் மனைவியுடையது, இல்லாவிட்டால் அம்மாவுடையது. “அவர் வரவே மாட்டேங்கறார் சார்” என்பார்கள். கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று சொல்லிக் கூட்டிவாங்கம்மா என்பேன்.

சட்டத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. எங்கள் சேலம் மாவட்டத்தில் 1937-ல் ராஜாஜி கொண்டுவந்தார். எத்தனையோ வீடுகளில் அதனால் அடுப்பு எரிந்திருக்கும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் மதுவிலக்குக் காலத்திலும் டாக்டர் பாபுக்குச் சரக்கு கிடைத்தது. கடையை மூடலாம், உள்ளே இருக்கும் வெறியோடு பேச ஓர் ஆள் வேண்டும்.

பாப் உடனே நிறுத்திவிடவும் இல்லை. அட்லாண்டிக் சிட்டியில் நடந்த மருத்துவர் மாநாட்டுக்குப் போய்க் குடித்துவிட்டுத் திரும்பினார். ஒரு நோயாளிக்கு அறுவை செய்ய வேண்டிய காலையில் கை நடுங்காமலிருக்க பில்லே ஒரு பீர் கொடுத்தார். அதுதான் கடைசி. அறுவை முடிந்ததும் பாப் நேரே வீடு திரும்பவில்லை. தன் குடியால் பாதிக்கப்பட்டவர்களைத் தேடிப்போய்ப் பேசினார்.

அதே மாதம் இருவரும் ஆக்ரன் நகர மருத்துவமனைக்குப் போன் செய்து, குடியால் சேர்க்கப்பட்டவர் யாராவது உண்டா என்று செவிலியரிடம் கேட்டார்கள். இருந்தார்: பில் டாட்சன், வழக்கறிஞர். செவிலியரை அடித்ததால் கட்டிலோடு கட்டிப் போட்டிருந்தார்கள். தம் கதைகளைச் சொல்லிவிட்டு வந்து, மறுபடியும் போய்ச் சொன்னார்கள். ஜூலை தொடக்கத்தில் டாட்சன் தன் துணிகளை எடுத்துவரச் சொல்லி மனைவியுடன் வெளியே வந்தார். சில நாட்களில் நீதிமன்றத்தில் வழக்காடினார். ஆக்ரன் குழுவில் அப்போது மூன்று பேர்.