பட்டமும் சலங்கையும்
காஜாங்கில் 1953-இல் பிறந்த இராம்லி இப்ராஹிம், ஆஸ்திரேலியாவில் இயந்திரப் பொறியியற் பட்டம் பெற்றவர். உத்தியோகம் காத்திருந்தது, அவரோ சிட்னி நடனக் குழுவிற் சேர்ந்தார். அடையாறு கே. லட்சுமணனிடம் பரதமும், தேபபிரசாத் தாஸிடம் ஒடிசியும் பயின்றார். 1983-இல் கோலாலம்பூரில் சூத்ரா நாட்டிய அரங்கை நிறுவினார். மலாய் முஸ்லிம், அதிலும் ஆண்மகன், பரதம் ஆடுவதா என்று முணுமுணுத்தோர் உண்டு. 2018-இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருதளித்தது.

நம்மவர் செய்கை யாது? பெண்மக்களைப் பிரிக்பீல்ட்ஸுக்கு நடனம் பயில அனுப்புவர். அரங்கேற்றத்துக்குக் கடனும் வாங்குவர். “இதுவே என் தொழில்” என்று மகள் சொல்லிவிட்டாலோ, வீட்டில் ஒப்பாரி! பால்மரம் சீவிப் பிள்ளையைப் படிக்கவைத்தவர்தம் வறுமையச்சத்தை யான் ஏளனஞ் செய்யேன். ஆயின் அவ்வச்சத்திற் பாதி வறுமையாலன்று. ஆடுவோரை இழிந்தோரெனத் தள்ளிய பழஞ்சாதி வழக்கத்தால் வந்தது. கடலைத் தாண்டியும் அதனை நாம் கைவிட்டோமில்லை.