கேலரிக்குச் சான்று, கூட்டத்துக்கு? தொண்டிக் கடற்கரையிலிருந்து பார்வையாளர் பாதுகாப்புச் சட்டத்தின் வரலாறு

இராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை வட்டத்தில் கடலையொட்டிய பேரூராட்சி தொண்டி. இங்கும் நம்புதாளை, மோர்ப்பண்ணை போன்ற பக்கத்து மீனவர் ஊர்களிலும் கோயில் விழாக்களையொட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடக்கும். உள்ளே தள்ளிய ஊர்களில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்துச் சாலையில் மாட்டு வண்டிகளை ஓட்டுவார்கள். திடல்களில் வடமாடு மஞ்சுவிரட்டும், இரவில் மின்னொளிக் கபடியும் உண்டு. இந்த நான்கு விளையாட்டுகளையும் பார்க்க வருவது பெரும்பாலும் ஒரே மக்கள்தான். ஆனால் அவர்கள் நிற்கும் இடத்தை ஓர் அரசுப் பொறியாளர் சோதித்துக் கையெழுத்திட வேண்டும் என்று விளையாட்டின் பெயரைச் சொல்லியே விதி கேட்பது வடமாட்டுக்கு மட்டும். மற்ற மூன்றுக்கும் அப்படி ஒரு கேள்வி ஏன் எழவில்லை என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள். நம் சட்டம் பலகையையும் சாரத்தையும் பற்றிக் கவலைப்பட்ட அளவுக்குக் கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை என்பது என் முடிபு. அது எப்படி நேர்ந்தது என்பதற்கு நூற்று முப்பது ஆண்டுக் கதை இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் இதன் தொடக்கம் 1888-ஆம் ஆண்டின் பொதுமக்கள் கூடுமிடங்கள் சட்டம். 500 சதுர அடியோ அதற்கு மேலோ பரப்புள்ள, அடைப்புள்ள இடத்தையோ கட்டடத்தையோ உரிமம் இல்லாமல் பொதுக் கேளிக்கைக்குப் பயன்படுத்தக் கூடாது என்றது அது. அடைப்பு என்ற நிபந்தனைதான் பிற்காலம் முழுவதையும் தீர்மானித்தது. கொட்டகை போட்டவரும் தட்டி கட்டியவரும் உரிமம் கேட்டு வர வேண்டும். திறந்த மணலும் திறந்த சாலையும் சட்டத்தின் பார்வைக்கு வெளியே நின்றுவிட்டன. நாடகக் கொட்டகைகளை மனத்தில் வைத்து எழுதிய சட்டத்தை இதற்காகக் குறை சொல்ல முடியாது. அதன் பிறகு வந்தவர்களும் அதே வேலியைத் தாண்டாததுதான் குறை.

உரிம முறை உண்மையில் முதிர்ந்தது சினிமாக் கொட்டகையில்தான். 1955-ஆம் ஆண்டுச் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957-ஆம் ஆண்டு விதிகளும் 'சி ஃபார்ம்' உரிமத்தைக் கொண்டுவந்தன. கட்டட உறுதிக்குப் பொதுப்பணித் துறைப் பொறியாளர், மின் இணைப்புக்கு மின் ஆய்வாளர், தீத்தடுப்புக்குத் தீயணைப்புத் துறை எனத் தனித்தனியே சான்று வாங்கி, கடைசியில் ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். கீற்றுக் கூரை போட்ட டூரிங் டாக்கீஸுக்கும் உரிமம் உண்டு, அதற்குக் காலவரையறையும் உண்டு. இத்தனை இருந்தும் 1979 ஜூலையில் தூத்துக்குடித் திரையரங்குத் தீயில் 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனாலும் இந்த விதிகளில் போற்றத்தக்க ஒன்று இருந்தது. எத்தனை இருக்கை, எத்தனை வாசல், வழியின் அகலம் எவ்வளவு என்று அவை எண்ணிக் கேட்டன. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கிறதா என்று பார்த்தன. கட்டடம் நிற்குமா என்பதோடு, உள்ளே இருப்பவர் வெளியேற முடியுமா என்பதையும் தமிழ்நாட்டுச் சட்டம் அன்றே கேட்டது. அந்த இரண்டாவது கேள்வி விளையாட்டுத் திடலுக்கு வந்து சேரவில்லை. பள்ளி, விடுதி, திருமண மண்டபம் போன்றவற்றுக்கு 1965-இல் பொதுக் கட்டட உரிமச் சட்டம் வந்தது. திடல் அப்போதும் விடுபட்டது.

இங்கிலாந்து இதே பாடத்தைப் பிணங்களை எண்ணி எண்ணிக் கற்றது. 1946-இல் போல்ட்டன் நகரின் பேர்ண்டன் பார்க் கால்பந்து மைதானத்தில் 33 பேர் நசுங்கி இறந்தார்கள். விசாரித்த மோல்வின் ஹியூஸ், மைதானங்களுக்கு உரிமம் வேண்டும், எத்தனை பேர் நிற்கலாம் என்பதைக் கணக்கிட்டு வரையறுக்க வேண்டும் என்றார். கால் நூற்றாண்டு யாரும் அதைச் சட்டமாக்கவில்லை. 1971 ஜனவரி 2 அன்று கிளாஸ்கோவின் ஐப்ராக்ஸ் மைதானத்தில், ஆட்டம் முடிந்து மக்கள் இறங்கிய படிக்கட்டில் 66 பேர் மாண்டார்கள். வீட்லி பிரபுவின் அறிக்கை 1972-இல் வந்தது, 1973-இல் 'பசுமை வழிகாட்டி' எனப்படும் கையேடு வெளியானது, 1975-இல் விளையாட்டு மைதானப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. பெரிய மைதானம் ஒவ்வொன்றும் உள்ளாட்சி அமைப்பிடம் பாதுகாப்புச் சான்று பெற வேண்டும் என்றாயிற்று. 1985-இல் பிராட்ஃபோர்டில் மர அரங்கு எரிந்து 56 பேர் இறந்த பின், 1987-ஆம் ஆண்டுச் சட்டம் 500 பேரோ அதற்கு மேலோ கொள்ளும் கூரையுள்ள அரங்குகளையும் சான்றுக்குள் கொண்டுவந்தது. 97 உயிர்களைக் கொண்ட 1989-ஆம் ஆண்டு ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு, சான்று கொடுப்பவர்களைக் கண்காணிக்கவே ஓர் அமைப்பு வந்தது.

ஐப்ராக்ஸில் 1902-இலும் ஒரு விபத்து நடந்தது. மர அரங்கு உடைந்து 25 பேர் இறந்தார்கள். அது கட்டுமானத்தின் தோல்வி. 1971-இல் எந்தப் பலகையும் உடையவில்லை, படிக்கட்டு இருந்த இடத்தில் அப்படியே இருந்தது, மக்கள்தான் சரிந்தார்கள். அதனால்தான் பசுமை வழிகாட்டி ஒரு மைதானத்தின் கொள்ளளவை நான்கு விதமாகக் கணக்கிடச் சொல்கிறது: எத்தனை பேரைத் தாங்கும், குறிப்பிட்ட நேரத்தில் எத்தனை பேர் உள்ளே வரலாம், எத்தனை பேர் வெளியே போகலாம், ஆபத்து நேர்ந்தால் எத்தனை பேர் தப்பலாம். இந்த நான்கில் மிகச் சிறிய எண்தான் அந்த மைதானத்தின் கொள்ளளவு. இதைவிடத் தெளிவான பாதுகாப்பு விதியை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இனித் தமிழ்நாட்டுக்கு வரலாம். இந்த வரலாற்றின் மிக முக்கியமான திருப்பம் தொண்டி இருக்கும் மாவட்டத்தில்தான் தொடங்கியது. இராமநாதபுரம் மாவட்டக் கிராமம் ஒன்றில் ரேக்ளா எனப்படும் மாட்டு வண்டிப் பந்தயம் நடத்த அனுமதி கேட்டுப் போடப்பட்ட மனுவில், 2006 மார்ச்சில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஆர்.பானுமதி, ரேக்ளாவோடு ஜல்லிக்கட்டுக்கும் தடை விதித்தார். வேடிக்கை பார்க்கப் போய் மாடு முட்டி இறந்த இளைஞர் ஒருவரின் தந்தையும் நீதிமன்றத்தின் முன் நின்றார். இந்த வழக்கை விலங்குரிமை வழக்காகவே பலர் நினைவு வைத்திருக்கிறார்கள். ஒரு பார்வையாளரின் சாவும் அதன் வேரில் இருந்ததை மறக்கக் கூடாது.

2007 மார்ச்சில் இரு நீதிபதிகள் அமர்வு தடையை நீக்கி, கட்டுப்பாடுகளோடு நடத்தலாம் என்றது. உச்ச நீதிமன்றமும் 2008 பொங்கலின்போது நிபந்தனைகளோடு இசைந்தது. நீதிமன்றங்கள் விதித்த நிபந்தனைகளைத் தொகுத்துச் சட்டமாக்கியதுதான் 2009-ஆம் ஆண்டு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம். பார்வையாளர்களுக்கும் களத்துக்கும் நடுவே இரட்டைத் தடுப்பு, பொதுப்பணித் துறை ஒப்புதலோடு கேலரி ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. ஊர்ப் பொட்டலில் சவுக்குக் கம்பு நட்டுக் கயிற்றால் பிணைத்துக் கட்டும் தற்காலிக கேலரியைப் பொறியாளர் வந்து பார்க்க வேண்டும் என்பது பெரிய மாற்றம்.

2014 மே 7 அன்று நாகராஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. மத்திய அரசின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு முரணானது என்பதே காரணம். கேலரி விதியும் அதோடு சேர்ந்து போயிற்று. 2017 ஜனவரியில் மெரினாவிலும் மாநிலமெங்கும் எழுந்த போராட்டத்துக்குப் பின் சட்டத் திருத்தமும் புதிய ஜல்லிக்கட்டு விதிகளும் வந்தன. ஆட்சியரின் அனுமதி, இரட்டைத் தடுப்பு, பொதுப்பணித் துறை உறுதிச் சான்று எல்லாம் திரும்பி வந்தன. 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அந்தத் திருத்தத்தை உறுதி செய்தது. அடுத்த ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் ஏறுதழுவுதலுக்கென்றே நிரந்தர அரங்கம் திறக்கப்பட்டது.

திருத்தச் சட்டத்தின் வரையறை மஞ்சுவிரட்டு, வடமாடு, எருதுவிடும் விழா ஆகியவற்றை ஜல்லிக்கட்டுக்குள் சேர்க்கிறது. மாட்டு வண்டிப் பந்தயத்தின் பெயர் அதில் இல்லை. கர்நாடகமும் மகாராஷ்டிரமும் தங்கள் திருத்தங்களில் அதைப் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டன. வழக்கைத் தொடங்கி வைத்த இராமநாதபுரத்து வண்டிப் பந்தயம் சட்டத்தின் முடிவில் இடம் பெறாமல் போனது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. சாலையின் இரு பக்கமும் நெருங்கி நிற்கும் மக்களுக்கு நடுவே மாடுகள் பாய்ந்து வரும்போது, அவர்களுக்கும் சக்கரத்துக்கும் இடையே எத்தனை அடி இருக்க வேண்டும் என்று சொல்லும் விதி அந்தச் சட்டத்தில் இல்லை.

பெரிய மைதானங்கள் மட்டும் ஒழுங்காக இருந்தனவா? சேப்பாக்கத்தில் 2011 உலகக் கோப்பைக்காகப் புதுப்பித்தபோது கட்டிய ஐ, ஜே, கே ஆகிய மூன்று மாடங்கள், 12,000 இருக்கைகளோடு ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. உரிய அனுமதிகள் கிடைக்காததே காரணம். 2019 ஐ.பி.எல். இறுதிப்போட்டி இதனால் ஹைதராபாத்துக்குப் போனது. இரசிகர்கள் நொந்துகொண்டார்கள். ஆனால் அனுமதி இல்லாத மாடத்தில் ஆளை ஏற்றாமல் பூட்டி வைத்ததை, நம் நாட்டில் சான்று தன் வேலையைச் செய்த அரிய சந்தர்ப்பமாகவே நான் மதிக்கிறேன்.

சான்று இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தற்காலிக கேலரிகள் காட்டிவிட்டன. 2021 மார்ச்சில் தெலங்கானாவின் சூர்யாப்பேட்டையில் தேசிய ஜூனியர் கபடிப் போட்டியின் கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அடுத்த ஆண்டு மலப்புரம் மாவட்டத்தில் செவன்ஸ் கால்பந்துக்குக் கட்டிய கேலரி விழுந்தது. உட்கார நிலையான இருக்கை இல்லாமல் மக்கள் திரளும் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ பாரத்தைத் தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். கம்பும் கயிறும் மட்டும் நம்பிய கேலரியில் அந்தக் கணக்கை யார் போட்டுப் பார்க்கிறார்கள்?

ஆனால் உறுதிச் சான்று முழுமையாக இருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாத சாவுகள்தான் அதிகம். 1980 ஆகஸ்ட் 16 அன்று கல்கத்தா ஈடன் கார்டனில் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆட்டத்தில் 16 பேர் இறந்தது கைகலப்பிலும் நெரிசலிலும். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் 11 பேர் இறந்தபோது உள்ளே எந்தத் தூணும் அசையவில்லை. விசாரித்த நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா ஆணையம், பெருங்கூட்டத்துக்கு அந்த மைதானத்தின் அமைப்பே பொருந்தாது என்றது. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்க வந்தவர்களில் 5 பேர் வெயிலுக்கு இரையானார்கள். அங்கே கேலரியே இல்லை, வெறும் மணல்தான்.

தொண்டிக்கு நேரடிப் பாடம் மெரினாதான். படகுப் போட்டி பார்க்க 100 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள கரைப்பகுதியில் மக்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். 10 சதுர மீட்டருக்கு 47 பேர் என்ற பசுமை வழிகாட்டியின் உச்ச வரம்பின்படி 4,700 பேர் நிற்கலாம். இரு பக்கமும் ஏற்றி வைத்த படகுகளும் வலைகளும் மறிக்க, முன்னால் கடல் இருக்க, ஊருக்குள் திரும்ப 3 மீட்டர் அகலத்தில் ஒரே தெரு என்றால் கணக்கு மாறிவிடும். சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம். அவசரத்தில் வெளியேற அதிகபட்சம் 8 நிமிடம். அப்படியானால் அந்தத் தெரு 1,968 பேரைத்தான் காப்பாற்றும். மணல் 4,700 என்றாலும் அந்தக் கரையின் கொள்ளளவு 1,968தான்.

இதைக் கணக்கிடப் பெரிய பொறியியல் வேண்டாம், நாடாவும் பென்சிலும் போதும். விழாக் கமிட்டி மனுக் கொடுக்கும்போதே வட்டாட்சியர் அலுவலகம் மூன்று விவரங்களைக் கேட்கலாம்: பார்வையாளர் நிற்கும் பரப்பு, வெளியேறும் வழிகளின் மொத்த அகலம், நிழலும் குடிநீரும் இருக்கும் இடம். வண்டிப் பந்தயத்துக்கு நான்காவதாகச் சாலையோரக் கயிறு எத்தனை அடி தள்ளிக் கட்டப்படும் என்பது. அனுமதி ஆணையில் கேலரியின் உறுதியைப் பற்றிய வரிக்குக் கீழே இன்னொரு வரியாக, இந்த இடத்தில் இத்தனை பேர் என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி ஓர் அதிகாரி கையெழுத்திட வேண்டும். 1957-இல் சினிமாக் கொட்டகைக்குப் போட்ட அந்தக் கணக்கைத் தொண்டிக் கரையில் நிற்பவர்களுக்கும் போடுவதற்குச் சட்டமன்றத்தின் தனிச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆட்சியர் விதிக்கும் நிபந்தனைகளில் அதைச் சேர்த்தாலே அடுத்த விழாவிலிருந்து தொடங்கிவிடலாம்.