தகரத் துண்டும் தங்கநிற டாலரும்

கம்பளையிலிருந்து புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் சாலையில், இறம்பொடை அருவியைப் பார்க்கவும் அங்குள்ள அனுமார் கோயிலைக் கும்பிடவும் பல நாட்டவர் வருகிறார்கள். அவர்களோடு வெளிநாட்டுச் சில்லறையும் மலையேறுகிறது. அதில் ஆளை மிக எளிதாக மயக்குவது அமெரிக்காவின் சிறிய ஒரு டாலர் நாணயம். பொன்னிறம், கைக்கு அடக்கமான பருமன், முதுகில் குழந்தையைச் சுமந்த பழங்குடிப் பெண்ணின் முகம். வங்கிகள் பொதுவாக வெளிநாட்டு நோட்டைத்தான் மாற்றிக்கொடுக்கும், சில்லறையைத் தொடாது. ஆகவே அது பெட்டிக்குள் தங்கிவிடுகிறது. தங்கத் தங்க, என்றோ ஒருநாள் பெரும் விலை போகும் என்ற நம்பிக்கையும் அதன்மேல் படிந்துவிடுகிறது. சுதந்திரப் பொன்விழாவுக்காக 1998இல் வெளியான இருநிறப் பத்து ரூபாய்க் குற்றியை எடுத்துவைத்தவர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். இந்தக் கணக்கு தவறு என்பது என் கருத்து. ஒரு சிறு நாணயத்தைச் சேகரிப்பவர் எவ்வளவு விரும்புவார் என்பதை அதன் நிறமோ, வயதோ, வெளியிட்டவரின் நோக்கமோ தீர்மானிப்பதில்லை. அந்த வகையில் எவ்வளவு அழிந்துபோனது, எஞ்சியது எந்த வாழ்க்கைக்குச் சாட்சி சொல்கிறது என்பவையே தீர்மானிக்கின்றன. இதைக் கற்றுக்கொள்ள அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. இந்த மலைகளின் உழைப்போடு தொடர்புள்ள பழைய உலோகங்களே போதும்.

இத்தீவுக்கு டாலர் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே கணக்கு ரிக்ஸ் டாலரில்தான் நடந்தது. ஒரு ரிக்ஸ் டாலருக்குப் பன்னிரண்டு பணம். ஆங்கிலேயர் 1821இல் அரசன் தலையும் யானையும் பொறித்து அதை வெள்ளியில் அடித்தார்கள். 1825இல் ஸ்டெர்லிங் வந்து, ஒரு ரிக்ஸ் டாலர் ஒன்றரை ஷில்லிங் என்று விகிதம் நிர்ணயமானதும் அதன் காலம் முடிந்தது. அதற்குப் பின்னர்தான் கோப்பி இந்த மலைகளை மூடியது. 1840களில் வோர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் ரொத்சைல்ட் தோட்டத்தைத் திறந்தார்கள். காடுகள் விழ விழ இறம்பொடையும் ஒரு தோட்ட மாவட்டமாயிற்று. தென்னிந்தியாவிலிருந்து நடந்து வந்தவர்களின் உழைப்பு செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேராக விழுந்ததே தவிர, கையில் காசாக விழுவது அரிதாக இருந்தது. அரிசிக்கும் கங்காணியின் கடனுக்கும் கழித்து, மாதங்கள் தாமதித்தே சம்பளம் கணக்கானது. கோப்பியோ மாட்டு வண்டியில் கொழும்புக்கு இறங்கியது. அங்குள்ள மில்களில் பெண்கள் உட்கார்ந்து கொட்டையைத் தரம்பிரித்தார்கள். சில்லறைத் தட்டுப்பாட்டுக்கிடையே அவர்களின் கூலியைக் கணக்கிட மில்காரர்கள் சொந்தமாக உலோக வில்லைகளை அடித்துக்கொண்டார்கள். ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கம்பனியின் வேகந்த மில் வில்லை 1843ஆம் ஆண்டைத் தாங்கியிருக்கிறது.

இந்த வில்லைகளைத் தோட்டக் காசு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலானவை கொழும்பு மில்களுக்குரியவை என்பதை நினைவில் வைக்க வேண்டும், ஏனெனில் அவற்றின் அருமை அந்த மில்களின் கதையோடு பிணைந்தது. 1869இல் கோப்பி இலைத்துரு நோய் வெளிப்பட்டது. அடுத்த இருபதாண்டுக்குள் கோப்பி ஏறத்தாழ அழிந்து, மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. மில் மூடியதும், அதன் வில்லையை மாற்றிக்கொடுக்க ஆளில்லை. மதிப்பிழந்த செம்புக்கும் பித்தளைக்கும் போக்கிடம் உருக்கும் உலைதான். தப்பியவற்றைப் பிற்காலத்து ஆய்வாளர்கள் பட்டியலிட்டார்கள், எச்.டபிள்யூ. கொட்ரிங்டன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணயங்கள் பற்றிய நூல் இத்துறையில் இன்றும் அடிப்படை. எந்த மில்காரரும் நினைவுப்பொருள் என்று எண்ணி இவற்றை அடிக்கவில்லை. யாரும் எடுத்துவைக்க நினைக்காததால்தான் இன்று இவற்றைத் தேடுகிறார்கள்.

இதைவிடக் கனமான சான்று, பணமே அல்லாத ஒரு தகரத் துண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழகத்தில் ஆள்சேர்ப்பவர் கையில் தோட்டத்தின் பதிவெண் குத்திய தகர வில்லைகள் கொடுக்கப்பட்டன. இலங்கைத் தொழிலாளர் ஆணையகம் 1904 முதல் திருச்சிராப்பள்ளியிலிருந்து இந்த ஆள்சேர்ப்பைக் கவனித்தது. வில்லையைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டவர் பின்னர் மண்டபம் முகாம் வழியாகக் கடல் கடந்து, அந்த எண்ணுக்குரிய தோட்டத்தில் போய்ச் சேர்ந்தார். வழிச்செலவும் சாப்பாட்டுச் செலவும் அந்த எண்ணின் பேரில் எழுதப்பட்டு, கடனாக முன்னே காத்திருந்தன. ஒரு சதமும் பெறாத தகரம் ஒரு மனிதர் எந்தக் கடனுக்குள் இறங்கினார் என்பதைச் சொல்கிறது. தேர்ந்த சேகரிப்பாளர் இதைப் பளபளக்கும் எந்த நினைவு நாணயத்துக்கும் மேலாக வைப்பார், வைக்கவும் வேண்டும்.

இனி டாலருக்கு வருவோம். 1979இல் வெளியான சூசன் பி. அந்தோனி டாலர் கால் டாலர் நாணயத்தை ஒத்திருந்ததால் மக்கள் குழம்பி ஒதுக்கினார்கள். அந்த ஓராண்டில் மட்டும் 75 கோடிக்கும் மேல் அடிக்கப்பட்டிருந்தது. குழந்தையைச் சுமந்த அந்தப் பெண்ணின் முகத்தோடு 2000இல் வந்த சக்ககாவியா டாலரின் பொன்னிறம் செம்பின்மேல் பொதிந்த மாங்கனீசுப் பித்தளையின் நிறம். பொன் அதில் துளியும் இல்லை. முதல் ஆண்டிலேயே 120 கோடிக்கு மேல் அடித்தார்கள். 2007 முதல் வந்த ஜனாதிபதி டாலர்களை வாங்க ஆளின்றி, 2011இல் 140 கோடி டாலர் நாணயங்கள் மத்திய வங்கிப் பெட்டகங்களில் தேங்கிக் கிடந்தன. அவ்வாண்டு டிசம்பரில் புழக்கத்துக்காக அடிப்பதையே நிறுத்தினார்கள். இவை தொலையவும் இல்லை, தேயவும் இல்லை. புழக்கத்துக்கென்று பிறந்து புழங்காமல் போன நாணயம் கோடிக்கணக்கில் புதுமெருகோடு உயிர்வாழும்போது, பெட்டிக்குள் இருக்கும் ஒன்றுக்கு முகமதிப்புக்கு மேல் யார் கொடுப்பார்?

ஆனால் சில சிறு டாலர்கள் ஆயிரக்கணக்கில் விலை போகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். 2000இல் சீரியோஸ் என்ற காலை உணவுப் பெட்டிகளுக்குள் 5,500 சக்ககாவியா டாலர்கள் போடப்பட்டன. அவற்றுள் சிலவற்றில் பின்புறக் கழுகின் வால் இறகுகள் கூடுதல் நுணுக்கத்தோடு இருந்ததை ஆண்டுகள் கழித்தே கண்டுபிடித்தார்கள். அந்த இறகு உள்ளவற்றுக்குப் பெருவிலை. 2007இன் வாஷிங்டன் டாலர்கள் சில விளிம்பெழுத்து விழாமலே வெளியேறின. அவற்றுக்கும் தேடுவோர் உண்டு, ஆனாலும் அவை பெருந்தொகையில் தப்பிவிட்டதால் விலை மட்டாகவே நிற்கிறது. விதிவிலக்குகளும் என் வாதத்தையே தாங்குகின்றன: யாரும் திட்டமிடாமல் விளைந்த குறைவே விலையாயிற்று. நூறாண்டு பொறுத்தால் எல்லாமே அரிதாகிவிடும் என்பது இன்னொரு மறுப்பு. ஒல்லாந்தர் கம்பனியின் செப்புத் துட்டுக்கு இருநூறு வயது கடந்துவிட்டது. இலங்கை மண்ணில் கிடைக்கும் நான்காம் நூற்றாண்டு உரோமச் சிறுகாசுக்கு ஆயிரத்து அறுநூறு வயது. இரண்டுமே குவியல் குவியலாகக் கிடைத்ததால் தேய்ந்த ஒன்றை இன்றும் சொற்ப விலைக்கு வாங்கலாம்.

என்னை உண்மையில் யோசிக்க வைப்பது வேறொரு நாணயம். சர்வசன வாக்குரிமையின் ஐம்பதாண்டைக் கொண்டாட 1981இல் ஐந்து ரூபாய்க் குற்றி வெளியானது. சந்தைக் கணக்கில் அது மலிவானது. நான் சொன்ன அளவுகோலின்படி பெட்டிக்குள் வைக்கத் தகாதது. ஆனால் அது கொண்டாடும் உரிமை தோட்ட மக்களிடம் நிலைக்கவில்லை. 1947 தேர்தலில் அவர்களின் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது, நுவரெலியாத் தொகுதியிலிருந்து எஸ். தொண்டமான் பாராளுமன்றம் போனார். அடுத்த ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டமும் அதையடுத்த தேர்தல் சட்டத் திருத்தமும் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரின் வாக்கைப் பறித்தன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகும், அந்த நாணயம் வெளியான ஆண்டில் மலையகத்தில் பெருந்தொகையானோர் நாடற்றவர்களாகவே இருந்தார்கள். வாக்கில்லாதவர் கைகளிலும் வாக்குரிமையைக் கொண்டாடும் காசு புழங்கியிருக்கிறது. விலைப்பட்டியல் இதைக் காட்டாது. ஆகவே இறம்பொடையில் ஒரு குடும்பத்திடம் அந்த ஐந்து ரூபாய் இருந்தால், புளிபோட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம். தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பவர் தொடமாட்டார். அப்போது வீட்டில் யாருக்கு வாக்கு இருந்தது, யாருக்கு இல்லை, பிரஜாவுரிமைத் தாள் எந்த ஆண்டில் கைக்கு வந்தது என்று ஒரு தாளில் எழுதி, அந்த நாணயத்தோடு ஒரே உறையில் வைக்கலாம். கோடிக்கணக்கான டாலர்களில் எதற்கும் அப்படி எழுதிவைக்க ஒன்றும் இல்லை.