தண்டி மாற்றுதல் (வீணை)

வீணையின் குடத்துக்கும் யாளி முகத்துக்கும் நடுவே நீளும் கழுத்துப் பகுதியே தண்டி. பலா மரத்தை உள்ளே குடைந்து, மேலே பலகை போட்டு மூடி, இரு விளிம்பிலும் மெழுகுக் கரை எழுப்பி, அதில் 24 மெட்டுகளைப் பதிப்பார்கள். வளைந்தோ வெடித்தோ பூச்சி அரித்தோ போன தண்டியைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் பொருத்துவது தண்டி மாற்றுதல். குடம், தண்டி, யாளி முகம் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து இணைத்த ஒட்டு வீணையில்தான் இதைச் செய்ய இயலும். ஒரே அடிமரத்தில் கடைந்த ஏகாண்ட வீணையில் தண்டி கெட்டால் ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம், மாற்ற வழியில்லை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் வீணையில் ஏகாண்டமே உயர்ந்தது, ஒட்டு அதற்கு அடுத்தபடிதான் என்பது வழக்கமான மதிப்பீடு. பழுதுபார்ப்பைக் கணக்கில் எடுத்தால் அந்த வரிசை அவ்வளவு உறுதியானதல்ல.

தண்டி எப்போதும் தந்திகளின் இழுவிசையைத் தாங்கி நிற்கும் உறுப்பு. வாசிப்புத் தந்திகள் நான்கும் தாளத் தந்திகள் மூன்றும் பல ஆண்டுகள் இடைவிடாமல் இழுக்கும்போது, சரியாக உலராத பலா மெல்ல மேல்நோக்கி வளையும். பழவேற்காடு போன்ற உப்பங்கழிக் கரையில், ஈரக்காற்றும் வெயிலும் மாறிமாறிப் படுவதால் மரம் உப்பிச் சுருங்கும், மூட்டும் தளரும். கித்தாருக்கும் இதே தொல்லை உண்டு. எஃகுத் தந்தி ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுப்பதால், அதன் கழுத்துக்குள் இரும்புக் கம்பி ஓட்டி வளைவை முறுக்கிச் சரிசெய்கிறார்கள். வீணையில் கம்பி கிடையாது. அந்த வேலையில் பாதியை மெழுகு பார்க்கிறது. வளைவு சிறிதென்றால் மெட்டுகளைக் கொஞ்சம் ஏற்றியும் அழுத்தியும் மட்டப்படுத்திவிடலாம். ஒரு முனையில் மெட்டு மெழுகுக்குள் மூழ்கவும் மறுமுனையில் தந்தி எட்டாத உயரத்தில் நிற்கவும் தொடங்கினால், தண்டியையே மாற்ற வேண்டியதுதான்.

மூட்டு நாதத்தை அறுக்கும், ஒரே மரமானால் அதிர்வு தடையின்றி ஓடும் என்பது ஒட்டு வீணைக்கு எதிரான முதல் மறுப்பு. ஆனால் ஏகாண்டத்திலும் தந்திகளைத் தாங்கும் குதிரை உட்கார்ந்திருக்கும் மேல்பலகை தனியே செய்து ஒட்டியதுதான். குடத்தைக் குடைந்த பிறகு மூடாமல் முடியாதே! வயலின் இன்னும் வலுவான சாட்சி. ஸ்ட்ராடிவாரி (இறப்பு 1737) செய்த வயலின்களில் மிகப் பெரும்பாலானவற்றின் கழுத்தைப் பின்னாளில் கழற்றி, நீளமும் சாய்வும் கூட்டிய புதுக் கழுத்தைப் பொருத்தினார்கள். பழைய சுருள் தலையை மட்டும் வெட்டி எடுத்து அதன் நுனியில் ஒட்டினார்கள். இன்று உலகம் கொண்டாடும் அந்த நாதம் மாற்றுக் கழுத்தோடு வருவதே. ஏகாண்டத்தின் நாதம் பலருக்குப் பிடிப்பது உண்மைதான். ஆனால் குடம் எழும் அளவுக்குப் பருத்த அடிமரம் வயதான மரமாகத்தான் இருக்கும். அருமை மரத்தின் முதிர்ச்சியிலா, ஒட்டில்லாமையிலா என்று பிரித்துச் சொல்வது எளிதல்ல. மூட்டு நெகிழ்ந்தால் ஒலி மங்கும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அது அந்த வேலையின் குறை, முறையின் குறை அல்ல.

தண்டி மாறினால் சுருதி இடங்கள் கலைந்துபோகும் என்பது இரண்டாவது மறுப்பு. இது கித்தாருக்கே கூடுதலாகப் பொருந்தும். அங்கே மெட்டுகள் மரத்தில் வெட்டிய பள்ளங்களில் அடித்து இறக்கியவை. புதுக் கழுத்து ஒரு மில்லிமீட்டர் தள்ளிப் போனாலும் எல்லாச் சுரமும் பிசகும். பழைய கழுத்தைக் கழற்றுவதே ஒரு கலை: உடலோடு சேரும் இடத்துக்கு மேலிருக்கும் மெட்டைப் பிடுங்கி, அந்தப் பள்ளத்தில் சிறு துளையிட்டு, ஊசி வழியே நீராவி செலுத்திப் பசையை இளக்குவார்கள். வீணையில் தண்டி குடத்தோடு நேர்க்கோட்டில் நிற்கிறதா, தந்திகள் பலகையின் நடுவே ஓடுகின்றனவா என்று பார்த்தால் பெரும்பாடு தீர்ந்தது. சுரத்தானங்களைப் பிறகு மேளம் கட்டும்போது, அதாவது மெட்டுகளை மெழுகில் பதிக்கும்போது, அமைத்துக்கொள்ளலாம். தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய கலவை இளகியிருக்கையில், 12ஆம் மெட்டை மேருவுக்கும் (யாளி முகப் பக்கம் தந்திகளைத் தாங்கும் கட்டை) குதிரைக்கும் ஏறக்குறைய நடுவிலும், 24ஆம் மெட்டை மேருவிலிருந்து முக்கால் தூரத்திலும் நிறுத்துவார்கள். மற்றவை காதுக்குக் கட்டுப்பட்டவை. ஒவ்வொன்றையும் மீட்டிப் பார்த்து, நூலிழை நகர்த்தி, இறுகவிடுவார்கள். புது மரம் தந்தியின் இழுப்புக்குப் பழகச் சில மாதங்கள் பிடிக்கும். அப்போது மெழுகை மறுபடி இளக்கி இன்னொரு முறை மேளம் கட்டுவார்கள்.