காட்சிப்பொருளும் சாட்சிப்பொருளும்: போபால் அருங்காட்சியகங்கள் இரண்டு

ஒரு நிறுவனத்திற்கு மக்கள் இடும் பெயர், அதனோடு அவர்கள் கொண்ட உறவைப் புலப்படுத்தும். ஏசியாட்டிக் சொசைட்டி 1814இல் கல்கத்தாவில் நிறுவிய இந்திய அருங்காட்சியகத்தை வங்காள மக்கள் ‘ஜாதுகர்’, அதாவது மாய வீடு, என்றனர். 1851இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகம் மக்கள் வழக்கில் ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. உயிரியல் பூங்கா ‘உயிர் காலேஜ்’ எனப்பட்டது. வியப்பும் விலகலும் இப்பெயர்களில் ஒருங்கே வெளிப்படுகின்றன. பொருள்களைத் திரட்டியோர் ஒருசாரார். அவற்றைப் பார்த்துச் சென்றோர் மற்றொருசாரார்.

சமூகத்திற்குத் தொண்டாற்றுதல் என்னும் கருத்தைப் பன்னாட்டு அருங்காட்சியகக் குழு 1974இல் தன் வரையறையில் சேர்த்தது. சமூகங்களின் பங்கேற்பு 2022இல்தான் அதில் இடம்பெற்றது. எனினும், இப்பங்கேற்பு இந்தியாவில் அதற்கு முன்பே செயல்வடிவம் பெற்றிருந்தது. போபால் நகரின் இரு அருங்காட்சியகங்கள் இதற்குச் சான்றாகும்.

முதலாவது, 1977இல் தில்லியில் தொடங்கப்பெற்றுப் பின்னர் போபாலுக்கு மாற்றப்பட்ட இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகம். ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்பில் அமைந்த இதன் திறந்தவெளியில் பழங்குடியினரின் குடியிருப்புகள் உள்ளன. அவை அவ்வச் சமூகத்தாரே வந்து தம் மரபுவழிப் பொருள்களால் கட்டியவை என்பது குறிப்பிடத்தக்கது. இங்கே மக்கள் ஆய்வுக்குரிய பொருளாக அன்றி, அறிவுடைய கைவினைஞராக மதிக்கப்பெறுகின்றனர்.

இரண்டாவது, துயரத்தில் பிறந்தது. 1984 டிசம்பர் 2-3 நள்ளிரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இறந்தோர் தொகை குறித்து அரசுக் கணக்கும் உயிர்பிழைத்தோர் அமைப்புகளின் கணக்கும் இன்றளவும் ஒன்றுபடவில்லை. இப்பின்னணியில், உயிர்பிழைத்தோரின் பங்கேற்புடன் 2014 டிசம்பரில் போபால் நினைவு அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அரசிடமோ பெருநிறுவனங்களிடமோ நிதி பெறுவதில்லை என்பது அதன் கொள்கையாயிற்று. இறந்தோரின் உடைமைகளும் நிழற்படங்களும் அங்கு வைக்கப்பட்டன. அவற்றின் கதையை உறவினர் குரலிலேயே கேட்க வழிசெய்யப்பட்டது. ஒரு குழந்தையின் ஆடை கலைநயம் கருதியோ பழமை கருதியோ வைக்கப்படவில்லை. அது சாட்சியாக நிற்கிறது.

முன்னதில் சமூகம் தன் திறனைக் காட்டுகிறது. பின்னதில் தன் உரிமையைக் கோருகிறது. மருத்துவத்திற்கோ இழப்பீட்டிற்கோ அருங்காட்சியகம் மாற்றாகாது. ஆயின், கோப்புகளில் எண்ணாகச் சுருங்கியவரை மீண்டும் பெயருடையவராக்க அதனால் இயலும். சமூக நலம் என்பது உடல்நலமும் பொருள்நலமும் மட்டுமன்று. தன் இழப்பு மறுக்கப்படாமையும் அதில் அடங்கும். எனவே, ஓர் அருங்காட்சியகத்தின் சமூகப் பயனை மதிப்பிடுங்கால், பார்வையாளர் எத்தனை பேர் என்பதோடு, அங்கே யாருடைய குரல் ஒலிக்கிறது என்பதையும் கேட்டல் வேண்டும்.