தோணிபுரமும் தில்லைவனமும்: கடலூர்–சிதம்பரம் கரையோரப் பிரளயக் கதைகளும் சான்றுத் தேடலும்

கொள்ளிடத்தின் இரு கரைகளிலும் பிரளயக் கதைகளுக்குக் குறைவில்லை. ஊழிக்காலத்தில் உலகை நீர் மூடியபோது, அறுபத்து நான்கு கலைகளையும் ஏற்றிக்கொண்டு, ஓங்காரத்தையே தோணியாக்கிச் சிவபெருமான் மிதந்து வந்து தங்கிய தலம் சீர்காழி என்பது தலவரலாறு. அக்கோயிலில் கீழே பிரமபுரீசுவரர், கட்டுமலை மேல் தோணியப்பர், அதற்கும் மேலே சட்டைநாதர். தோணிபுரம் என்ற பெயரை ஏழாம் நூற்றாண்டிலேயே ஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். ஆகவே இக்கதையின் வேரைப் பிற்காலத் தலபுராணக்காரர்களின் கற்பனை என்று தள்ளிவிட முடியாது.

கடலூர் மாவட்டத்து ஸ்ரீமுஷ்ணத்தில், நீருக்குள் அமிழ்ந்த பூமியை மீட்டெடுத்த பூவராகர். மாசிமகத்துக்கு அவர் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். வழியில் கிள்ளை தைக்கால் தர்காவினர் வரவேற்பு அளிக்கிறார்கள். தெற்கே பூம்புகாரில் கதை வேறு. மகனை இழந்த துயரில் சோழன் இந்திரவிழாவை மறந்தான், மணிமேகலா தெய்வத்தின் சாபத்தால் நகரைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை.

இம்மூன்றையும் ஒரே வெள்ளத்தின் மூன்று நினைவுகளாகப் பார்க்கும் வழக்கம் நம்மிடையே வலுவாக இருக்கிறது. ஆராய்ச்சிக்கு இது பெரிய தடை என்பது என் கருத்து. சீர்காழிக் கதை உலகம் அழிந்து மீண்டும் தோன்றுவதைச் சொல்கிறது; அதற்கு ஆண்டும் இல்லை, அரசனும் இல்லை. புகார்க் கதையில் நகரமும் மன்னனும் விழாவும் உண்டு. முன்னது சமயத் தத்துவம். பின்னதைத்தான் மண்வெட்டி கொண்டு சோதிக்க முடியும்.

கடல்கோள் பேச்சில் தொன்மமும் சோதிக்கத்தக்க வரலாறும் இப்படிக் கலந்துவந்தது நெடுங்காலமாக. இறையனார் அகப்பொருள் உரை முச்சங்கங்களுக்கு 4440, 3700, 1850 ஆண்டுகள் எனக் கணக்குச் சொல்லி, முதலிரண்டு சங்கங்கள் இருந்த ஊர்களைக் கடல் கொண்டது என்றது. சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் பஃறுளி ஆற்றுக்கும் குமரி ஆற்றுக்கும் இடையே கடல் கொண்ட நிலத்தை 700 காவதம், 49 நாடுகள் என்று விரித்தார். 1864இல் ஆங்கிலேய விலங்கியலார் பிலிப் ஸ்கிலேட்டர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் இனத்தின் சுவடுகள் இருப்பதை விளக்க, மூழ்கிப்போன கண்டம் ஒன்றைக் கருதி ‘லெமூரியா’ என்று பெயரிட்டார். தமிழறிஞர்கள் அதை எடுத்து, கடல் கொண்ட அந்தக் குமரி நிலத்தோடு, அதாவது குமரிக்கண்டத்தோடு, பொருத்தினார்கள். 1960களில் நிலத்தட்டு நகர்வுக் கொள்கை நிலைபெற்றதும் லெமூரியாவுக்கு அறிவியலில் இடமில்லாமல் போனது. நம் மேடைகளிலும் பாடநூல்களிலும் அது பல காலம் நீடித்தது.

அதே 1960களில்தான் இந்தியத் தொல்லியல் துறை பூம்புகாரில், அதாவது பழைய காவிரிப்பூம்பட்டினத்தில், அகழாய்வு செய்தது. அங்குள்ள கீழையூரில் செங்கல்லால் கட்டிய படகுத்துறையும் அதனருகே நட்ட மரத்தூண்களும் வெளிப்பட்டன. கரிமக் காலக்கணிப்பில் அம்மரம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டை ஒட்டியது எனத் தெரிந்தது. பல்லவனீச்சரத்தில் புத்த விகாரம் கிடைத்தது. பின்னர் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனமும் தமிழகத் தொல்லியல் துறையும் கடலுக்குள் தேடின. அலை வந்து மோதும் இடத்திலேயே உறைகிணறுகளும் செங்கற்களும் இருந்தன. குடிநீர்க் கிணற்றை யாரும் அலைக்குள் தோண்டமாட்டார்கள். கரை உள்வாங்கி, ஊரின் ஒரு பகுதி கடலுக்குப் போனது என்பதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை. 23 மீட்டர் ஆழத்தில் கண்ட குதிரை லாட வடிவ அமைப்பு மனிதர் கட்டியதா என்பது உறுதிப்படவில்லை. அதை வைத்துப் பல்லாயிரம் ஆண்டுப் பழமை பேசுவது சான்றை மீறியது.

2004 டிசம்பர் 26 இந்தத் தேடலின் போக்கையே மாற்றியது. ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மடிந்தார்கள். தேவனாம்பட்டினம் முதல் கொள்ளிட முகத்துவாரம் வரை குப்பங்கள் நொறுங்கின. அலை வடிந்த பிறகு நிலத்தில் ஒரு மணற்படிவு தங்கியது. அதில் கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் கலந்திருந்தன. அது எப்படியிருக்கும் என்று கண்ணால் கண்ட பிறகு, பழைய படிவுகளை அடையாளம் காண ஓர் அளவுகோல் கிடைத்துவிட்டது. சி.பி. ராஜேந்திரன் குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வு, காவிரிப்பூம்பட்டினத்து மண்ணடுக்குகளுக்கிடையே அத்தகைய ஒரு மணற்படிவைக் காட்டி, சோழர் காலத்தில், சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன், பேரலை வந்தது என்றது. மணிமேகலை அதற்குச் சில நூற்றாண்டுகள் முந்தியது. ஆகவே இப்படிவு அக்காப்பியம் சொல்லும் அழிவாக இருக்க முடியாது. இக்கரைக்குப் பேரலை புதிதன்று என்பதை மட்டும் அது காட்டுகிறது.

சிதம்பரத்தின் சான்று புகாரின் சான்றுக்கு நேர்மாறானது. ஊருக்கும் கோயிலுக்கும் பெயர் தந்த தில்லை, உப்பங்கழி ஓரத்தில் வளரும் அலையாத்தி மரம். கிளையை ஒடித்தால் பால் வடியும். தோலில் பட்டால் கொப்புளிக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. இன்று தில்லையைப் பார்க்க வேண்டுமானால் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே, பிச்சாவரத்துக்குச் சுரபுன்னைக் காட்டைத் தேடிப் போக வேண்டும். இன்றைய ஊரருகே ஒரு காலத்தில் உப்பங்கழி இருந்திருக்க வேண்டும் என்பதே இதிலிருந்து பெறப்படும் நேரான முடிவு. பனியூழி முடிந்து உயர்ந்துகொண்டே வந்த கடல் சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய மட்டத்தை ஒட்டி நிலைத்தது. அதன்பின் கொள்ளிடமும் வெள்ளாறும் கொண்டுவந்த வண்டலால் இங்கே நிலம் கிழக்கே வளர்ந்தது. புகாரில் கடல் எடுத்தது. தில்லையில் ஆறு கொடுத்தது. இரண்டும் ஐம்பது கிலோமீட்டருக்குள் நடந்தவை. ஒரே மூழ்கல் என்ற சட்டத்துக்குள் இக்கடற்கரை அடங்காது.

பழைய மண்ணைப் படிப்பது உயிர் காக்கும் வேலையும்கூட. 2004இல் பிச்சாவரக் காடு ஊர்களைக் காத்தது என்று பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தின் ஆய்வு கூறியது. நிலத்தின் உயரமும் கடலிலிருந்து இருந்த தொலைவுமே முக்கியக் காரணங்கள் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். காடு எவ்வளவு காத்தது என்பதில்தான் வாதம். மேட்டு நிலத்தின் பயனை இரு தரப்பும் மறுக்கவில்லை. அந்த மேடுகளில் பல, கடல் பின்வாங்கியபோது விட்டுச் சென்ற பழைய கரைமணல் திட்டுகள். பேரலைகளின் பதிவேடும் அவற்றுக்கிடையே உள்ள தாழ்நிலங்களில்தான் படிந்து கிடக்கும். மணலுக்காகவும் மனைக்காகவும் திட்டுகளை வெட்டித் தாழ்நிலங்களை நிரப்பிச் சமப்படுத்தினால் காவலும் போகும், சான்றும் போகும். அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் மாநிலத் தொல்லியல் துறையும் சேர்ந்து, சிதம்பரத்திலிருந்து கிள்ளை வரையிலும் தேவனாம்பட்டினத்திலிருந்து பரங்கிப்பேட்டை வரையிலும் துளையிட்டு மண் மாதிரிகளை எடுத்துக் காலம் கணிக்க வேண்டும். அதுவரை அந்தத் திட்டுகளில் மண் அள்ளுவதை மாவட்ட நிர்வாகம் தடுத்து நிறுத்த வேண்டும்.